சொந்த நாட்டு வீரரை விட்டு எதிராளியை ஆதரிப்பது துரோகமா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் நாட்டுக் குத்துச்சண்டை வீரர் ஒருவர் உலகப் பட்டத்துக்காக மோதப் போகிறார். நீங்களோ அவருடைய எதிராளியின் சண்டைகளை ஆறு வருடமாக விடாமல் பார்த்து வருபவர்; மனசு அந்தப் பக்கம்தான் நிற்கிறது. அதைச் சொன்னதும் நண்பர்கள், "சொந்த நாட்டுக்காரன் அடி வாங்குறதைப் பார்த்துக் கைதட்டுவியா?" என்று கேட்டிருக்கிறார்கள். ரசிகர்கள் எதை வைத்து ஒரு வீரரைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று பொதுவாகத்தான் எழுதியிருக்கிறீர்கள். ஆனாலும் கடைசி வரியில் இருப்பதுதான் உண்மையான கேள்வி: நான் செய்வது தவறா? தவறில்லை என்பது என் பதில். உங்கள் நண்பர்கள் சொல்வதிலும் ஒரு நியாயம் இருக்கிறது, அதையும் தள்ளிவிடாமல் பேச வேண்டும்.

நான் ஒன்பது வருடம் அமெச்சூர் குத்துச்சண்டையில் மோதியவன். அதன் பிறகு இருபது வருடத்துக்கும் மேலாகப் பயிற்சியாளராக ரிங்கின் மூலையிலும், நடுவராக மேசையிலும் உட்கார்ந்திருக்கிறேன். தொழில்முறை குத்துச்சண்டையை மட்டும் உங்களைப் போல ரசிகனாகவே அறிவேன். அந்தப் பகுதியில் நான் சொல்வதை அந்த அளவுக்கே எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் சந்தேகமே இல்லாத ஒன்று. தொழில்முறை குத்துச்சண்டையில் நாட்டு அணி என்று எதுவும் கிடையாது. ஒலிம்பிக்கில் உண்டு, அங்கே நாடு தேர்வு செய்து அனுப்புகிறது, சட்டையில் நாட்டின் பெயர் இருக்கிறது. தொழில்முறைக்கு வந்துவிட்டால் வீரர் தனி ஆள். அவருக்குப் பயிற்சியாளர் இருப்பார், மேலாளர் இருப்பார், சண்டையை ஏற்பாடு செய்கிற புரமோட்டர் இருப்பார். பட்டத்தைத் தருகிற டபிள்யூபிஏ, டபிள்யூபிசி, ஐபிஎஃப், டபிள்யூபிஓ என்ற நான்கு அமைப்புகளும் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லை. சண்டைக்கு முன் தேசிய கீதம் ஒலிப்பது வழக்கம்தான், ஆனால் அந்த நாடு அவரை அங்கே அனுப்பவில்லை. கொடியை அவரே எடுத்துப் போர்த்திக்கொண்டு வருகிறார். கால்பந்தில் நாட்டு அணி தோற்றால் நாடு தோற்றது என்று சொல்ல ஓர் அடிப்படை இருக்கிறது. இங்கே அந்த அடிப்படையை வீரரும் புரமோட்டரும் ரசிகர்களும் சேர்ந்துதான் உண்டாக்குகிறார்கள். எனவே அதை ஏற்பதா வேண்டாமா என்பதில் உங்களுக்கும் பங்கு உண்டு.

லெனாக்ஸ் லூயிஸைப் பாருங்கள். 1965இல் லண்டனில் பிறந்தார், 12 வயதில் கனடாவுக்குப் போனார், 1988 சியோல் ஒலிம்பிக்கில் கனடாவுக்காகத் தங்கம் வாங்கினார். தொழில்முறைக்கு வந்தபோது பிரிட்டன் வீரராக வந்தார். 1993 அக்டோபரில் கார்டிஃபில் அவரும் ஃபிராங்க் புருனோவும் மோதினார்கள். இருவருமே லண்டனில் பிறந்தவர்கள். பட்டம் வைத்திருந்தவர் லூயிஸ். இருந்தும் பிரிட்டன் மக்களின் மனசில் இடம் பிடித்தவர் புருனோதான். அன்று லூயிஸ் ஏழாவது ரவுண்டில் முடித்துவிட்டார், ஆனாலும் புருனோ மேல் இருந்த பாசம் குறையவில்லை. 1995இல், நான்காவது முயற்சியில், ஆலிவர் மெக்காலை வென்று புருனோ உலகப் பட்டம் வாங்கியபோது வெம்ப்ளி மைதானமே அழுதது என்று சொன்னால் மிகையில்லை. அந்த மக்கள் புருனோ டிம் விதர்ஸ்பூனிடம் தோற்றதைப் பார்த்தவர்கள், மைக் டைசனிடம் தோற்றதைப் பார்த்தவர்கள். ஒரு மனிதன் விழுந்து எழுந்ததை வருடக்கணக்கில் கூடவே இருந்து பார்த்தால் அவன் நம்மவன் ஆகிவிடுகிறான். பிறந்த ஊர்ச் சான்றிதழுக்கு அவ்வளவு பலம் இல்லை. நீங்கள் ஆறு வருடம் பின்தொடர்ந்த வீரரிடம் உங்களுக்கு ஏற்பட்டிருப்பதும் இதுதான்.

இதைவிட நுட்பமானது ஆஸ்கர் டெ லா ஹோயாவின் கதை. கிழக்கு லாஸ் ஏஞ்சலஸில் மெக்சிகோ வம்சாவளிக் குடும்பத்தில் பிறந்தவர். 1992 பார்சிலோனாவில் அமெரிக்காவுக்காகத் தங்கம் வென்றதும், ரிங்கில் ஒரு கையில் அமெரிக்கக் கொடியும் மறு கையில் மெக்சிகோ கொடியுமாக நின்றார். இரண்டு பக்கமும் தன்னை ஏற்கும் என்று அந்தப் பையன் நினைத்திருக்கலாம். 1996 ஜூனில் அவர் மெக்சிகோவின் ஹூலியோ செசார் சாவேஸோடு மோதினார். சாவேஸ் சாதாரண ஆள் இல்லை. 1993இல் மெக்சிகோ சிட்டியின் அஸ்டெகா மைதானத்தில் அவர் சண்டையைப் பார்க்க 1,32,274 பேர் வந்தார்கள். அப்படிப்பட்டவரை டெ லா ஹோயா நான்கே ரவுண்டில் வெட்டுக் காயத்தோடு நிறுத்தினார். மெக்சிகோ ரசிகர்களில் பலர் அவரை மன்னிக்கவில்லை. அவருடைய தெருவிலேயே வளர்ந்த மெக்சிகோ வம்சாவளி அமெரிக்கர்களில்கூட நிறைய பேர் சாவேஸ் பக்கம் நின்றார்கள். பாஸ்போர்ட்டை வைத்துப் பார்த்தால் அவர்கள் சொந்த நாட்டுக்காரனுக்கு எதிராக நின்றவர்கள். அவர்களைத் துரோகிகள் என்பீர்களா? அவர்களைக் கேட்டிருந்தால், நாங்கள் எங்கள் ஆளோடுதான் நிற்கிறோம் என்று சொல்லியிருப்பார்கள்.

நாடு, இனம், மொழி எதுவுமே பொருந்தாமல் பிடித்துப்போவதும் உண்டு. கஜகஸ்தானின் கெனாடி கொலோவ்கினை மெக்சிகோ ரசிகர்கள் கொண்டாடியது அப்படித்தான். அவருடைய பயிற்சியாளர் அபெல் சான்செஸ் அவரை "மெக்சிகன் ஸ்டைல்" வீரராக வளர்த்தார்: பின்வாங்காமல் முன்னே வருவது, ரிங்கின் இடத்தை எதிராளிக்குச் சுருக்குவது, வயிற்றிலும் விலாவிலும் அடிப்பது. 2017 செப்டம்பரில், மெக்சிகோ சுதந்திர தின வாரத்தில், மெக்சிகோவின் கனேலோ அல்வாரெஸோடு அவர் மோதியபோது, மெக்சிகோக்காரர்களில் ஒரு பகுதியினர் அவரையே தங்கள் பாணியின் வாரிசாகப் பார்த்தார்கள். இரண்டு பேருக்கும் இடையில் 12 ரவுண்டு நடந்த அந்தச் சண்டை டிரா என்று அறிவிக்கப்பட்டது. நடுவர் ஒருவர் கனேலோவுக்கு 118-110 போட்டிருந்தார், அதாவது 12 ரவுண்டில் பத்தை அவருக்கே கொடுத்திருந்தார். அந்த அட்டையை இன்றுவரை என்னால் ஏற்க முடியவில்லை. மேசையில் உட்கார்ந்து பழகியவன் என்ற முறையில்தான் இதைச் சொல்கிறேன்.

பாணி ஏன் இவ்வளவு இழுக்கிறது என்பதை மூலையில் நின்று பார்த்தால் புரியும். இடது கை ஹூக் ஒன்று, அதாவது பக்கவாட்டிலிருந்து வளைத்து வீசும் குத்து, கல்லீரல் மேல் சரியாக விழுந்தால், அடி வாங்கியவர் உடனே விழ மாட்டார். ஒரு நொடி எதுவும் நடக்காதது போல நிற்பார், சில சமயம் அடுத்த குத்துக்குக் கைகூடத் தூக்குவார். பிறகு முழங்கை விலாவோடு ஒட்டும், வாய் திறக்கும், மூச்சு உள்ளே போகாது, முட்டி தானாக மடியும். தலையில் அடி வாங்கியவர் எண்ணிக்கை நடப்பதையே அறியாமல் கிடக்கலாம். இவரோ ரெஃப்ரி எண்ணுவது அத்தனையையும் கேட்டுக்கொண்டே எழ முடியாமல் இருப்பார். அந்த அடியைப் போட, போடுகிறவர் எதிராளியின் கைக்கு எட்டும் தூரத்துக்குள் முகத்தைக் கொண்டுபோயாக வேண்டும். ரசிகருக்கு அது தெரிகிறது. இவன் எனக்காகத் தன்னைப் பணயம் வைக்கிறான் என்று தோன்றிவிட்டால், அதன் பிறகு யாரும் பாஸ்போர்ட்டைக் கேட்பதில்லை. வேறு சிலருக்கு அடியே படாமல் நழுவுகிற ஆட்டம்தான் அழகு. ஃபிளாய்ட் மேவெதர் தோளைச் சாய்த்துக் குத்தை நழுவ விடுவதை மணிக்கணக்கில் பார்க்கிற மாணவர்கள் எனக்கு இருந்தார்கள். அவர்களும் ஒரு நாட்டைத் தேர்ந்தெடுக்கவில்லை, ஒரு கைத்தொழிலைத் தேர்ந்தெடுத்தார்கள்.

இனி உங்கள் நண்பர்களின் பக்கத்துக்கு வருகிறேன். ஒரு வீரருடைய வெற்றி ஒரு மக்களின் வெற்றியாகவே ஆகிவிடுகிற தருணங்கள் வரலாற்றில் உண்டு, அவற்றை வெறும் விளம்பரம் என்று ஒதுக்க முடியாது. ஜெர்மனியின் மாக்ஸ் ஷ்மெலிங் 1936இல் அமெரிக்காவின் ஜோ லூயிஸை 12ஆவது ரவுண்டில் வீழ்த்தினார். நாஜி அரசு அதைத் தன் இனக் கொள்கைக்குச் சான்றாகப் பறைசாற்றியது. 1938 ஜூன் 22இல் யாங்கி ஸ்டேடியத்தில் மறுபடி மோதினார்கள். 2 நிமிடம் 4 நொடியில் லூயிஸ் முடித்துவிட்டார். லூயிஸ் கறுப்பினத்தவர், அலபாமாவில் பிறந்தவர். அவர் பிறந்த தென் மாநிலங்களில் அவரால் வெள்ளையரோடு ஒரே பள்ளியில் உட்கார்ந்திருக்க முடியாது. அந்த இரவில் கறுப்பரும் வெள்ளையருமாக நாடே அவருக்காக வானொலி முன் உட்கார்ந்தது. 28 வருடம் முன்பு, 1910 ஜூலை 4இல், அதே நாட்டில் ஜாக் ஜான்சன் என்ற கறுப்பின சாம்பியன் ஜிம் ஜெஃப்ரிஸை ரீனோவில் வென்றபோது, பல நகரங்களில் கறுப்பினத்தவர் தாக்கப்பட்டார்கள், உயிர்கள் போயின. ஜான்சனும் ஜெஃப்ரிஸும் அமெரிக்கர்கள்தான். ஆனால் வெள்ளை அமெரிக்கர்களில் பெரும்பாலோருக்கு ஜான்சன் "நம்மவர்" இல்லை. யார் நம்மவர் என்ற கோட்டை எங்கே போடுகிறார்கள் என்பது காலத்துக்கும் எதிரே நிற்பவருக்கும் ஏற்ப நகர்ந்துகொண்டே இருக்கிறது.

ஷ்மெலிங்கைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போக எனக்கு மனசில்லை. அவர் நாஜிக் கட்சியில் சேரவே இல்லை. அவருடைய மேலாளர் ஜோ ஜேக்கப்ஸ் ஒரு யூதர். அவரை விட்டுவிடச் சொல்லி வந்த நெருக்கடிக்கு ஷ்மெலிங் பணியவில்லை. 1938 நவம்பரில் யூதர்கள் வேட்டையாடப்பட்டபோது, தன் யூத நண்பர் ஒருவரின் இரண்டு மகன்களை பெர்லினில் தன் ஹோட்டல் அறையில் ஒளித்து வைத்துக் காப்பாற்றினார். பல பத்தாண்டுகளுக்கு அதை அவர் வெளியே சொல்லவும் இல்லை. போருக்குப் பின் லூயிஸுக்கு நெருங்கிய நண்பரானார். அந்த இரவில் அவரைத் தோற்கடிக்கத் துடித்த லட்சக்கணக்கானவர்கள் ஓர் அரசைத்தான் தோற்கடிக்க விரும்பினார்கள். அந்த விருப்பத்தில் தவறில்லை. ஆனால் அரசின் சுமை முழுவதையும் கால்சட்டையோடு நின்ற ஒரு தனி மனிதர் தாங்க வேண்டியிருந்தது. அண்மைக் காலத்திலும் இது நடந்தது. 2022 மே மாதம் ரஷ்யாவின் டிமித்ரி பிவோல் கனேலோவை வென்ற சண்டையில் அவருக்குக் கொடியும் இல்லை, கீதமும் இல்லை. உக்ரைன் போர் தொடங்கி மூன்று மாதம்கூட ஆகவில்லை. கிர்கிஸ்தானில் பிறந்தவர், அப்பா மால்டோவா வழியில் வந்தவர், அம்மா கொரிய வம்சாவளி. அவர் யாருடைய ஆள் என்று ஒற்றைக் கொடியை வைத்து முடிவு கட்ட எனக்குத் தெம்பில்லை.

கொடியையே தள்ளி வைத்தவரும் உண்டு. பேரி மெக்கிகன் அயர்லாந்துக் குடியரசின் எல்லை ஊரான குளோன்ஸில் பிறந்த கத்தோலிக்கர். மணந்தது புராட்டஸ்டண்ட் பெண்ணை. பிரிட்டன் பட்டத்துக்கு மோதுவதற்காகப் பிரிட்டன் குடியுரிமை பெற்றார். கத்தோலிக்கத் தரப்பும் புராட்டஸ்டண்ட் தரப்பும் மோதிக்கொண்டிருந்த 1980களின் வட அயர்லாந்தில் இதில் எந்த ஒன்றுமே ஆபத்து. அவர் எந்த நாட்டுக் கொடியும் அணியாமல், புறாச் சின்னத்தோடு, ஐக்கிய நாடுகளின் நீல நிறத்தில் வந்தார். தேசிய கீதத்துக்குப் பதிலாக அவருடைய அப்பா 'டேனி பாய்' பாடினார். இரண்டு தரப்புக்கும் உரிமையான பாட்டு அது. 1985 ஜூனில் உலகச் சாம்பியன் யூசேபியோ பெட்ரோசாவை 15 ரவுண்டில் வென்றபோது, வெளியே ஒருவரையொருவர் கொன்றுகொண்டிருந்த இரு தரப்பிலிருந்தும் வந்தவர்கள் ஒரே அரங்கில் அவருக்காகக் கத்தினார்கள். குத்துச்சண்டையில் நான் மிகவும் மதிக்கிற காட்சிகளில் அது ஒன்று.

தேர்வு எவ்வளவு வேகமாக உருவாக்கப்படலாம் என்பதற்கு 1974 கின்ஷாசா போதும். முகமது அலியும் ஜார்ஜ் ஃபோர்மனும் இருவருமே கறுப்பின அமெரிக்கர்கள். சண்டை நடந்த ஜயர் (இன்றைய காங்கோ) நாட்டு மக்களுக்கு இருவருமே அந்நியர்கள். அலி வந்து இறங்கியதிலிருந்து தெருவில் மக்களோடு நடந்தார், பேசினார். ஃபோர்மன் ஜெர்மன் ஷெப்பர்ட் நாயோடு வந்தார்; பெல்ஜியக் காலனி ஆட்சியில் போலீஸ் வைத்திருந்த நாய் அது. வியட்நாம் போருக்குப் போக மாட்டேன் என்று 1967இல் மறுத்துப் பட்டத்தை இழந்தவர் அலி. 1968 ஒலிம்பிக் ரிங்கில் சின்ன அமெரிக்கக் கொடியை அசைத்தவர் ஃபோர்மன். சண்டை நாளன்று அரங்கம் முழுவதும் "அலி, பொமாயே" என்று முழங்கியது. அவனைக் கொன்றுவிடு என்று பொருள். சில வாரங்களில் ஒரு நாடு தன் ஆளைத் தேர்ந்தெடுத்துவிட்டது.

மனம் இப்படி ஏன் ஒட்டிக்கொள்கிறது என்று உளவியலில் ஓரளவு உறுதியாகச் சொல்ல முடியும். 1970களின் தொடக்கத்தில் ஹென்றி தாஜ்ஃபெல் பள்ளிப் பையன்களை அற்பமான காரணங்களைச் சொல்லி இரு குழுவாகப் பிரித்தார். தங்கள் குழுவில் யார் இருக்கிறார்கள் என்று தெரியாமலேயே, பணத்தைப் பங்கிடச் சொன்னபோது தங்கள் குழுவுக்குக் கூடுதலாகக் கொடுத்தார்கள். ராபர்ட் சியால்டினியும் உடன் ஆய்வாளர்களும் 1976இல் காட்டியது இன்னொன்று: கல்லூரி அணி ஜெயித்த வாரத்தில் மாணவர்கள் கல்லூரிப் பெயர் போட்ட உடைகளை அதிகமாக அணிந்தார்கள்; ஜெயித்தால் "நாம்", தோற்றால் "அவர்கள்". இவற்றை வைத்து ஒரு குறிப்பிட்ட ரசிகர் ஏன் இவரைப் பிடித்தார், அவரைப் பிடிக்கவில்லை என்று கணிக்க முடியுமா என்றால், முடியாது. அதற்கு மேல் யாராவது உறுதியாகச் சொன்னால் சந்தேகப்படுங்கள். நான் மேலே சொன்ன பாணி, கூட இருந்த காலம் என்ற விளக்கங்களும் பார்த்துப் பழகியதில் வந்தவைதான், நிரூபணம் இல்லை.

பற்று பார்வையையே மாற்றும் என்பதில் மட்டும் எனக்குச் சந்தேகம் இல்லை, ஏனென்றால் எனக்கே நடந்தது. அமெச்சூரில் 2013 வரை கணினிப் புள்ளி முறை இருந்தது; ஒலிம்பிக்கில் அது 1992இல் வந்தது. ஐந்து நடுவர்கள், ஆளுக்குச் சிவப்பு மூலைக்கும் நீல மூலைக்கும் பொத்தான்கள். கையுறையின் வெள்ளைப் பகுதி முகத்திலோ உடலிலோ சுத்தமாகப் பட்டால் அழுத்த வேண்டும். மூன்று பேர் ஒரு நொடிக்குள் அழுத்தினால் ஒரு புள்ளி. ஒருமுறை சிவப்பு மூலையில் அந்த ஊர்ப் பையன். அவன் வீசும் ஒவ்வொரு குத்துக்கும் கூட்டம் எழுந்து கத்தியது. பிறகு அந்தச் சண்டையின் பதிவைச் சத்தமில்லாமல் போட்டு, நான் எந்த நொடியில் அழுத்தினேன் என்ற பட்டியலோடு ஒப்பிட்டேன். இரண்டாவது ரவுண்டில் நான் சிவப்புக்கு அழுத்திய ஏழில் மூன்று குத்துகள் எதிராளியின் முன்கையில்தான் பட்டிருந்தன. அந்தப் பையன் எனக்கு யாரும் இல்லை, ஊரும் என் ஊர் இல்லை. காது சொன்னதைக் கட்டைவிரல் கேட்டுவிட்டது. அந்த நீல மூலைப் பையன் ஒரு புள்ளியில் தோற்றான். அவன் முகம் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

ஐரோப்பியப் பட்டச் சண்டைகளை ஆராய்ந்து 2005இல் வெளியான ஓர் ஆய்வும் இதே திசையைக் காட்டியது. சமபலமான இருவர் மோதினால், உள்ளூர் வீரர் ஜெயிக்கும் வாய்ப்பு நாக்அவுட்டில் 57 சதவீதம், ரெஃப்ரி இடையில் நிறுத்தும் சண்டைகளில் 66, புள்ளியில் முடிந்தால் 74. மனிதர் தீர்ப்பு எவ்வளவு அதிகமோ, உள்ளூர்ச் சாய்வும் அவ்வளவு அதிகம். இதில் எவ்வளவு கூட்டத்தின் சத்தம், எவ்வளவு நடுவரின் சொந்தப் பற்று என்று பிரிப்பது கடினம். 1988 சியோல் ஒலிம்பிக்கில் அமெரிக்காவின் ராய் ஜோன்ஸ் தெளிவாக வென்ற இறுதிச் சண்டையை 3-2 என்று கொரிய வீரர் பார்க் சி-ஹுனுக்குக் கொடுத்ததை மட்டும் சத்தத்தின் தலையில் கட்ட முடியாது. அதே போட்டிகளின் சிறந்த குத்துச்சண்டை வீரர் விருதை ஜோன்ஸுக்கே கொடுத்தார்கள். தங்கம் வாங்கிய பார்க் பல பத்தாண்டுகள் அந்தப் பாரத்தைச் சுமந்தார். அவர் கேட்டு வாங்கியதா அது?

ஆகவே உங்கள் விஷயத்தில் நான் சொல்வது இதுதான். உங்களுக்குப் பிடித்த வீரர் ஜெயிக்க ஆசைப்படுங்கள், அதை மறைக்கவும் வேண்டாம். உங்கள் நாட்டு வீரர் நுழையும்போது அவருக்காகவும் கைதட்டுங்கள். அவர் அந்த இரவுக்காக வாரக்கணக்கில் எடை குறைத்து, விடியற்காலையில் ஓடி, பயிற்சியில் அடி வாங்கி வந்திருக்கிறார். அவர் விழும்போது மட்டும் கத்தாதீர்கள். உங்கள் நண்பர்களுக்கு உண்மையில் வலிப்பது அந்தச் சத்தம்தான் என்று நினைக்கிறேன். என் மாணவர்களுக்கு நான் சொல்லும் ஒரு பழக்கத்தையும் முயன்று பாருங்கள். ஒரு தாளில் 12 கோடு போட்டு, ஒவ்வொரு ரவுண்டு மணி அடித்ததும், வர்ணனையாளர் பேசுவதற்கு முன், ஜெயித்தவருக்கு 10, தோற்றவருக்கு 9 என்று எழுதுங்கள். மறுநாள் சத்தத்தை நிறுத்திவிட்டு அதே சண்டையைப் பார்த்து இன்னொரு தாள் எழுதுங்கள். இரண்டும் எந்த ரவுண்டில் வேறுபடுகின்றன என்பதை நண்பர்களோடு உட்கார்ந்து பாருங்கள், அவர்களையும் எழுதச் சொல்லுங்கள். அந்தச் சண்டையை நானும் பார்க்கப் போகிறேன். உங்கள் இரண்டு தாள்களையும் இங்கே போடுங்கள், என்னுடையதையும் போடுகிறேன்.